ஒப்புதலின் எல்லை: ‘டபுள் இன்டெம்னிட்டி’ திரைப்படம் குறித்துச் சில சிந்தனைகள்

குற்றத்தைப் பொருளாகக் கொண்ட கதைகளை இருவகையாகப் பிரிக்கலாம். குற்றவாளி யார் என்பதை இறுதிப் பக்கம்வரை மறைத்து வைத்து வாசகனை ஓடவிடுபவை ஒருவகை. குற்றவாளி இன்னார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அவன் அந்த நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தான் என ஆராய்பவை மற்றொரு வகை. முன்னது அறிவுக்கு விளையாட்டு. பின்னது மனச்சாட்சிக்கு வேலை. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்னும் திரைப்படம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் இயக்குநர் பில்லி வைல்டர். அவரும் துப்பறியும் புதின ஆசிரியர் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து திரைக்கதையை எழுதினர்.

தகாத உறவு, கணவன் கொலை, காப்பீட்டு மோசடி ஆகியவற்றைச் சொல்லும் ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு தூரம் பேச வேண்டுமா என வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை அவர்களுக்கு முன்பே ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகம் கேட்டுவிட்டது. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய இந்தக் குறும்புதினம் அச்சேறுவதற்கு முன்பே, 1935இல், திரைப்பட நிறுவனங்களின் கைகளில் சுற்றிவந்தது. தணிக்கைப் பொறுப்பிலிருந்த ஜோசஃப் பிரீன், இது படமாக்கத் தகாதது என எழுதி அனுப்பினார். கதையின் இழிந்த தொனியும், கொலைத் திட்டம் விவரமாகச் சொல்லப்பட்டிருப்பதும், கொலையாளிகள் தம் சாவைத் தாமே தேடிக்கொண்டு சட்டத்திற்குத் தப்புவதும் அவருடைய ஆட்சேபங்கள். 1936இல் ‘லிபர்ட்டி’ இதழில் தொடராகவும், 1943இல் நூல் வடிவிலும் கதை வெளிவந்தது. பாரமவுண்ட் மீண்டும் அனுமதி கேட்டபோது பழைய மறுப்பே வந்தது. வைல்டரும் சாண்ட்லரும் திரைக்கதையாக்கி அளித்த பிறகுதான் தடை நீங்கியது.

ஒரு கதையின் ஒழுக்கம் அதில் என்ன நிகழ்கிறது என்பதில் இருக்கிறதா, இறுதியில் தரப்படும் தண்டனையில் இருக்கிறதா, அல்லது அந்நிகழ்ச்சிகளைக் கதை எந்தக் கண்கொண்டு நோக்குகிறது என்பதில் இருக்கிறதா? தணிக்கையாளர் முதலிரண்டையும் கவனித்தனர். இப்படத்தின் பெருமை மூன்றாவதில் இருக்கிறது என்பது நம் கருத்து.

கதையின் ஊற்று ஓர் உண்மை வழக்கு. 1927இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஸ்னைடர் என்பவர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ரூத்தும், அவளுடன் உறவு கொண்டிருந்த ஜட் கிரே என்னும் விற்பனையாளரும் கைதாயினர். விபத்தில் இறந்தால் இருமடங்கு தொகை கிடைக்கும் விதியுள்ள ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் கணவரின் கையொப்பத்தை ரூத் வஞ்சனையாகப் பெற்றிருந்தாள். இருவரும் குற்றத்தில் தமக்குள்ள பங்கை மறுக்க இயலாத நிலையில், நீதிமன்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழியைச் சுமத்தினர். 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் இருவருக்கும் மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ரூத்தின் இறுதிக் கணத்தை ஒரு புகைப்படக்காரர் கணுக்காலில் மறைத்துக் கட்டியிருந்த கேமராவால் படமெடுத்தார். மறுநாள் நாளிதழின் முதற்பக்கத்தை அது நிறைத்தது. இவ்வழக்கில் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வோம்: கூட்டாளிகள் ஒருவரையொருவர் சுட்டியது ஒன்று, தண்டனை பொதுமக்களின் வேடிக்கையானது மற்றொன்று. வைல்டரின் படத்தைப் புரிந்துகொள்ள இரண்டும் உதவும்.

இனிக் கதைக்கு வருவோம். களம் லாஸ் ஏஞ்சலிஸ், காலம் 1938. நள்ளிரவு கடந்த நேரத்தில், தோளில் குண்டுக் காயத்துடன் ஒருவன் தான் பணியாற்றும் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்திற்கு வருகிறான். அவன் பெயர் வால்டர் நெஃப். மேசைமேலுள்ள டிக்டபோன் என்னும் ஒலிப்பதிவுப் பொறியில் புதிய மெழுகு உருளையைப் பொருத்தி, இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவின் தலைவர் பார்ட்டன் கீஸுக்கு ஓர் அலுவலகக் குறிப்பைச் சொல்லத் தொடங்குகிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றதையும், இரண்டுமே தனக்குக் கிட்டாததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறான். எஞ்சிய படம் முழுவதும் அக்குறிப்பின் விரிவே.

வாகனக் காப்பீட்டைப் புதுப்பிப்பதற்காக டீட்ரிக்சன் என்பவரின் வீட்டுக்குச் சென்ற நெஃப், அங்கே அவருடைய மனைவி ஃபிலிஸைக் காண்கிறான். கணவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என அவள் கேட்கிறாள். அந்தக் கேள்வியின் பொருளை அவன் நொடியில் உணர்ந்து கோபத்துடன் வெளியேறுகிறான். ஆனால், அன்றிரவே அவள் அவனைத் தேடி வருகிறாள், அவன் இணங்கிவிடுகிறான். ஐம்பதாயிரம் டாலர் பத்திரத்தில் கணவரிடம் வஞ்சகமாகக் கையொப்பம் வாங்குகிறார்கள். இரயில் விபத்து அரிதாகையால் அதற்கு இருமடங்குத் தொகை உண்டு. எனவே சாவு இரயிலில்தான் நிகழ வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். கால் முறிந்து கட்டுப்போட்டிருந்த டீட்ரிக்சனைக் காரிலேயே கொல்கிறார்கள். ஊன்றுகோல்களுடன் அவர் இடத்தில் நெஃப் இரயிலேறி, பின்கோடியிலிருந்து குதித்துவிட, உடல் தண்டவாளத்தில் கிடத்தப்படுகிறது. காவல்துறை விபத்தென்று முடிவு செய்கிறது. கீஸ் ஒருவருக்கே மனம் ஒப்பவில்லை.

இக்கதையில் நாம் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, குற்றவாளி நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கிறான் என்பது. நெஃப் வறியவன் அல்லன், விரக்தியுற்றவனும் அல்லன். தொழிலில் தேர்ந்தவன். மோசடிகள் எங்கே பிடிபடும், எங்கே பிடிபடா என்ற அறிவை அந்த அலுவலகமே அவனுக்குத் தந்தது. சூதாட்ட விடுதியில் சக்கரம் சுழற்றும் பணியாளன், அடுத்தவர் ஏமாற்றாமல் காவல் காத்துக் காத்து, ஒருநாள் தானே எப்படி ஏமாற்றலாம் என எண்ணத் தொடங்குவதை அவன் தன் நிலைக்கு உவமையாகக் கூறுகிறான். அதாவது, ஃபிலிஸைக் காண்பதற்கு முன்பே அந்த எண்ணம் அவனிடம் இருந்தது. கதவைத் தட்டியவள்தான் அவள். நம் வழக்கில் சொல்வதானால் இது அமானித மோசடி. காவலாக ஒப்படைக்கப்பட்ட அறிவே இங்குத் திருட்டுக்குச் சாவியாகிறது. கெய்னும் வைல்டரும் காப்பீட்டு அலுவலகத்தை வெறும் பின்புலமாகக் கொள்ளாமல், கதையின் மையமாக்கியதன் காரணம் இதுவே.

இங்கிருந்து நாம் ஒரு முக்கியமான கேள்விக்குச் செல்லலாம். இப்படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஃபிலிஸையே மையமாக வைக்கின்றனர். ஆடவனை மயக்கி அழிவுக்கு இட்டுச்செல்லும் பெண் என்னும் வார்ப்புக்கு அவளையே தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டுவர். பார்பரா ஸ்டான்விக்கின் நடிப்பு அத்துணை வலிமையானது. காரின் ஓட்டுநர் இருக்கையில் அவள் அமர்ந்திருக்க, அருகில் கணவர் கொல்லப்படும்போது கேமரா அவளுடைய முகத்தில் மட்டுமே நிலைத்து நிற்பதை மறக்க இயலாது. ஆயினும், அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் யார் சொல்லித் தெரிந்தது?

ஃபிக்ஹு நூல்களைக் கற்றோர் அறிந்த ஒரு விதி இங்கு நினைவுக்கு வருகிறது. பய்யினா என்னும் சான்று, பிறரையும் கட்டுப்படுத்தும்; இக்ரார் என்னும் ஒப்புதலோ, ஒப்புக்கொண்டவனை மட்டுமே கட்டுப்படுத்தும். உஸ்மானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பு இதனை 78ஆம் விதியாக வைத்திருக்கிறது. இதன் நியாயம் தெளிவானது. ஒருவன் தனக்குக் கேடாகச் சொல்வதை நம்பலாம். தன் கூட்டாளிக்குக் கேடாகச் சொல்லும்போது அவன் சாட்சியல்லன், வழக்காளி. பழியில் ஒரு பங்கை இறக்கி வைப்பதில் அவனுக்கு ஆதாயம் உண்டு. ஸ்னைடர் வழக்கில் இருவரும் ஒருவரையொருவர் சுட்டியதை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் அதன் தோற்றமே மாறிவிடுகிறது. ஃபிலிஸின் கணுக்கால் சங்கிலி, அவளுடைய புன்னகை, அவள் சொற்களில் ஒளிந்திருந்த வலை ஆகிய அனைத்தும் குருதி வடியும் ஒரு கொலையாளியின் நினைவிலிருந்து நமக்கு வருகின்றன. அவள் முன்பு செவிலியாக இருந்தபோது டீட்ரிக்சனின் முதல் மனைவியைச் சாகவிட்டாள் என்பது மகள் லோலா கூறும் செய்தி. அதுவும் ஐயமே, அதையும் நெஃப்தான் நமக்கு எடுத்துச் சொல்கிறான். ஃபிலிஸ் குற்றமற்றவள் என்று வாதாடுவது நம் நோக்கமன்று. அவள் கொலைக்கு உடந்தை என்பதில் ஐயமில்லை. ஆனால், முழுப்பழியும் அவளுடையது, நெஃப் வெறும் பலியாள் என்னும் முடிவுக்குப் படம் இடம் தரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இறுதிச் சந்திப்பிற்கு முன் ஃபிலிஸ் தன் வீட்டுக் கூடத்தில் தனியாக இருக்கும் காட்சி ஒன்று வருகிறது. துப்பாக்கியை இருக்கையின் மெத்தைக்கடியில் மறைத்து வைக்கிறாள், விளக்குகளை அணைக்கிறாள், காத்திருக்கிறாள். அங்கே நெஃப் இல்லை. எனவே இது அவனுடைய வாக்குமூலம் அன்று, நேரடிச் சான்று எனலாம். ஆயினும், அக்காட்சியின்போதும் அவன் குரலே ஒலிக்கிறது. அவள் தனக்கு முன்னரே ஆயத்தமாகிவிட்டாள் என அவன் ஊகித்துச் சொல்கிறான். தொடர்ந்து நடப்பது இன்னும் நுட்பமானது. அவள் ஒருமுறை சுடுகிறாள். இரண்டாம் முறை சுட இயலவில்லை. தான் எவரையும் நேசித்ததில்லை என்றும், இந்தக் கணத்திலேயே அது மாறியதாகவும் சொல்கிறாள். அது அவளுடைய ஒப்புதல். நெஃப் அதனை நம்பவில்லை. அவளை அணைத்தவாறே இருமுறை சுடுகிறான். தன் ஒப்புதலை உலகம் நம்ப வேண்டும் என்று விடியும்வரை பேசும் ஒருவன், தன் எதிரில் ஒப்புதல் அளித்தவளை நம்ப மறுத்தான். இப்படத்திலுள்ள கடுமையான முரண் இதுவே என நாம் கருதுகிறோம்.

அவ்வாறாயின் நெஃபின் ஒப்புதலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அது தன்னைப் பற்றியது என்ற அளவில் முழுமையானது. மேலும் நிரபராதி ஒருவனைக் காக்கிறது. லோலாவின் காதலன் நீனோ ஸகெட்டியே ஃபிலிஸின் கூட்டாளி என்று கீஸ் முடிவு கட்டியிருந்தார். ஃபிலிஸைக் கொன்று அந்தப் பழியை ஸகெட்டியின்மேல் போடுவதுதான் நெஃபின் இறுதித் திட்டம். ஆனால், வீட்டுக்கு வெளியே அந்த இளைஞனைக் கண்டதும் தடுத்து, லோலாவிடம் தொலைபேசியில் பேசச் சொல்லிக் கையில் நாணயத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். லோலாவுக்குச் செய்தியை மென்மையாகச் சொல்லும்படியும், ஸகெட்டியைக் கவனித்துக்கொள்ளும்படியும் உருளையிலேயே கீஸை வேண்டுகிறான். பிறர்மேல் பழி சுமத்தும் ஒப்புதலுக்கும் பிறர்மேலுள்ள பழியை நீக்கும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகிறது. நெஃபின் வாக்கில் இரண்டும் கலந்திருக்கின்றன. பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது.

இனி, ஒப்புதலைக் கேட்பவர் யார் என்பதைப் பார்ப்போம். நெஃப் காவல் நிலையத்துக்குப் போகவில்லை; பாதிரியாரையும் தேடவில்லை. பதினோராண்டு பழகிய நண்பரிடம் பேசுகிறான். எட்வர்ட் ஜி. ராபின்சன் ஏற்ற கீஸ் என்னும் பாத்திரம் படத்தின் உயிர்நாடி. பொய்க் கோரிக்கை வந்தால் தம் நெஞ்சுக்குள் ஒரு சிறு மனிதன் இருந்து உறுத்துவதாக அவர் சொல்வார். தம் பணியில் மருத்துவன், வேட்டைநாய், காவலன், நீதிபதி, பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரி ஆகிய அனைவரும் அடங்கியிருப்பதாக நம்புகிறவர் அவர். டீட்ரிக்சன் தற்கொலை செய்துகொண்டார் என நிறுவனத் தலைவர் நார்ட்டன் வாதிடும்போது, கீஸ் புள்ளிவிவர அட்டவணைகளை மூச்சுவிடாமல் அடுக்குகிறார்: தற்கொலைகள் தொழில்வாரியாக, பருவவாரியாக, முறைவாரியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன, மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் செல்லும் இரயிலின் பின்புறத்திலிருந்து குதித்து எவரும் தற்கொலை செய்ததாக எந்த அட்டவணையிலும் இல்லை. எண்கள் பொய் சொல்லா என்னும் நம்பிக்கையின் உச்சம் அது.

அத்தகைய கீஸின் கண்ணில் எதிர்மேசைக்காரன் மட்டும் படவில்லை. ஏன்? அட்டவணை தூரத்திலிருப்போரைத்தான் காட்டும். நெருங்கியவனை நாம் கணக்கிடுவதில்லை, நம்பிவிடுகிறோம். படத்தின் நடுவே நெஃப் கீஸின் அறைக்குள் சென்று, அவர் பதிவு செய்திருந்த உருளையைக் கேட்கிறான். நெஃபை விசாரிக்க வேண்டுமென்ற யோசனையை மறுத்து, அவனுக்குத் தாம் முழுப் பிணை என நார்ட்டனுக்குக் கீஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் பிணையைக் கேட்கும் நெஃபின் முகத்தில் தோன்றுவது ஆறுதல் மட்டும் அன்று. பின்னர் அதே வகைப் பொறியில்தான் அவன் தன் குற்றத்தைச் சொல்கிறான். கீஸின் குரல் நம்பிக்கையைப் பதிந்தது. நெஃபின் குரல் அதற்குரிய பதிலைப் பதிகிறது. கெய்னின் மூலக்கதையில் இப்பொறி இல்லை. நாயகன் எழுத்தில் வாக்குமூலம் தருகிறான். கீஸ் அவனைத் தப்பிச் செல்ல விடுகிறார். குற்றவாளிகள் இருவரும் கப்பலிலிருந்து கடலில் விழத் துணிகிறார்கள். நண்பரை நோக்கிய குரலாகக் கதையை மாற்றியது திரைக்கதையாசிரியர்களின் பெரும் சாதனை.

தண்டனை பற்றிய கேள்வி இங்கே நிறைவு பெறுகிறது. நெஃப் விஷவாயு அறையில் இறப்பதையும் கீஸ் அதனைப் பார்த்து நிற்பதையும் வைல்டர் பெரும் பொருட்செலவில் படமாக்கினார். பிறகு அக்காட்சியை முழுவதும் நீக்கிவிட்டார். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பது தணிக்கை விதியின் ஆவல். ஆனால், அதற்கு முந்தைய காட்சியிலேயே சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. விடியற்காலையில் கீஸ் வாசலில் வந்து நிற்கிறார். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. எல்லை கடந்து ஓடிவிட எண்ணும் நெஃப் கதவருகிலேயே வீழ்கிறான். குற்றவாளி எதிர்மேசையிலேயே இருந்ததால்தான் கீஸால் காண முடியவில்லை என்கிறான் நெஃப். அதைவிட நெருக்கத்தில் இருந்தான் என்கிறார் கீஸ். படம் முழுவதும் தீக்குச்சி இல்லாமல் தவிக்கும் கீஸுக்கு நெஃப்தான் நகத்தில் உரசிப் பற்ற வைப்பான். இப்போது கீஸ் அவனுக்குப் பற்ற வைக்கிறார். மன்னிப்பு இல்லை, வசையும் இல்லை. நம்பியவர் எதிரில் அறியப்பட்டவனாகக் கிடப்பதே அவனுடைய தண்டனை. ரூத் ஸ்னைடரின் சாவை நாளிதழ் வேடிக்கையாக்கியது. வைல்டர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஆடம்பரமான தண்டனைக் காட்சி பார்வையாளனை நீதிபதியின் இருக்கையில் உட்கார வைத்துவிடும். இக்காட்சியோ அவனை அவன் ஏமாற்றியிருக்கக்கூடிய ஒரு நண்பரின் முன் நிறுத்துகிறது.

படத்தின் கலைநயம் குறித்தும் சிறிது கூற வேண்டும். ஒளிப்பதிவாளர் ஜான் ஸைட்ஸ், சாளரத் திரைகளின் பட்டைகள் வழியே வரும் வெளிச்சத்தைச் சிறைக் கம்பிகள்போல் ஆடவனின் மீது விழச் செய்தார். டீட்ரிக்சன் வீட்டுக் கூடத்தில் மிதக்கும் தூசுக்காக அலுமினியத் துகள்களைக் காற்றில் பரப்பினார். மிக்லோஸ் ரோஜாவின் இசை, இறுதி ஊர்வலத்தின் நடைபோல் தொடங்குகிறது. அதுவரை இலகுவான நகைச்சுவைப் படங்களில் தோன்றிவந்த ஃபிரெட் மக்முர்ரேயை நெஃபாக்கியது துணிவான தேர்வு; பார்ப்போர் விரும்பும் முகமொன்றிலிருந்து குற்றம் வெளிப்படுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. நெஃபின் குடியிருப்புக் கதவு, ஃபிலிஸ் ஒளிந்துகொள்ள வசதியாக நடைபாதைப் பக்கம் திறக்கிறது. அவ்வகைக் கட்டடங்களில் கதவுகள் அப்படி அமைவதில்லை. லோலாவின் பாத்திரமும் மெலிந்தே இருக்கிறது.

ஏழு ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதும் இப்படத்துக்குக் கிட்டவில்லை. ஆனால், போர் முடிந்தபின் 1946இல் பாரிஸில் திரையிடப்பட்ட அமெரிக்கப் படங்களுள் இதுவும் ஒன்று. அப்படங்களைக் கண்ட நீனோ ஃபிராங் என்னும் விமர்சகர் அவ்வாண்டிலேயே எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்னும் பெயர் இவ்வகைக்கு நிலைபெற்றது. 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது.

கறுப்பு என்பது படச்சுருளின் நிறத்தை மட்டும் குறிப்பதன்று. மனிதன் தன்னைப் பற்றி அறியாதிருக்கும் பகுதியையும் குறிக்கும். தீமையைக் காட்டும் படைப்புகள் எல்லாம் தீமையைக் கற்பிப்பன அல்ல. குற்றவாளியின் பேச்சை முழுவதும் கேட்கவும், அதே வேளையில் அவன் பிறர்மேல் சொல்வதை அப்படியே ஏற்காமல் நிறுத்தி எடைபோடவும் ஒரு படைப்பு நம்மைப் பழக்குமாயின், அது நீதியுணர்வுக்கு அளிக்கும் பயிற்சியே ஆகும். ‘டபுள் இன்டெம்னிட்டி’யை மீண்டும் பார்க்க வாய்ப்புள்ளவர்கள், ஃபிலிஸைக் காணும்போதெல்லாம் இதனைச் சொல்பவன் யார் என்னும் கேள்வியை ஒருமுறை எழுப்பிப் பார்க்கட்டும். படம் முன்பைவிட ஆழமாகத் தோன்றும் என்பது நம் எண்ணம்.